படிப்பா, கூலியில்லாத ஷிப்டா?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவரும் வாரத்தில் கிராமத்து டீக்கடைச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். சினிமா போஸ்டருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போஸ்டர் ஏறும். வெள்ளைக் கோட்டு, சிரித்த முகம், கீழே ஒரு போன் நம்பர். பி.எஸ்ஸி. நர்சிங் படித்தால் வேலை நிச்சயம், வெளிநாடு போனால் லட்சத்தில் சம்பளம் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். இரண்டு நாளில் ஏஜெண்டே வீடு தேடி வந்துவிடுவார். கல்லூரி பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது, சீட்டு இரண்டுதான் பாக்கி, இன்றே அட்வான்ஸ் கட்டினால் ஹாஸ்டலில் சலுகை உண்டு என்பார். வீட்டில் கணக்குப் போடுவார்கள். மனைவியின் தோடு, இரண்டு ஆடு, மகளிர் குழுவில் ஒரு கடன், மீதிக்கு பாங்கியில் கல்விக் கடன். பெண் நர்ஸ் ஆகிவிட்டால் குடும்பம் வயல் சேற்றை விட்டுக் கரை ஏறிவிடும் என்பதுதான் அந்தத் தகப்பனுக்கு ஆசை. ஆசையில் குற்றமில்லை. நான்கு வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் கையில் என்ன தொழில் இருக்கிறது, அந்தத் தொழிலுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இது படித்தவர்கள் வீட்டு விவகாரம், தொழிலாளி பத்திரிகையில் இதற்கு என்ன இடம் என்று சில தோழர்கள் நினைக்கலாம். நர்சாகப் போகிறவள் யார் வீட்டுப் பெண்? பெரிய மிராசுதார் தன் மகளை இந்தப் படிப்புக்கு அனுப்புவதை நாம் அதிகம் பார்த்ததில்லை. மில் தொழிலாளியின் மகள், கூலி விவசாயியின் மகள், மீனவன் மகள், இவர்கள்தான் அந்தச் சீருடைக்குள் இருக்கிறார்கள். கட்டிலில் கிடக்கிறவனும் நம்மவன்தான். பணக்காரன் நோயில் விழுந்தால் தனி அறையும் தனி நர்சும் வைத்துக்கொள்வான். 1955-இல் கோவையில் ஈ.எஸ்.ஐ. திட்டம் வந்த நாளிலிருந்து ஆலைத் தொழிலாளி தன் கூலியில் பிடித்தம் கொடுத்து வைத்தியத்துக்கு உரிமை பெற்றிருக்கிறான். அந்த உரிமை வார்டுக்குள் நுழைந்ததும் யார் கையில் இருக்கிறது? டாக்டர் வந்து பார்த்துப் போவது சில நிமிஷம். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணி நேரமும் நர்சின் கையில்தான்.

வயலில் மருந்தடித்த கூலியாள் வாயில் நுரை தள்ளி மயங்கி விழுகிறான் என்று வையுங்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்ரோபின் ஊசி எழுதிக் கொடுக்கிறார். அதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. இரவு முழுவதும் கட்டிலருகே நின்று, வாயிலும் நெஞ்சிலும் ஊறும் நீர் வற்றுகிறதா, மூச்சில் கரகரப்பு அடங்குகிறதா, நாடி எவ்வளவு, கண்மணி சுருங்கியிருக்கிறதா விரிந்திருக்கிறதா என்று ஒருத்தி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மருந்து போதாமல் போனால் தன் நெஞ்சில் ஊறிய நீரிலேயே அவன் மூச்சு முட்டிச் சாவான். மருந்து மிஞ்சிப் போனால் உடம்பு கொதிக்கும், பிதற்றுவான், கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்ப்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் அவனை நிறுத்தி வைப்பது நர்சின் கண்.

வரப்பில் பாம்பு கடித்தவன் கதையும் அதுதான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைத்து, பிறகு மெல்லச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் தண்ணீராய் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது, உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். பார்க்கச் சின்னக் காரியம். ஆனால் பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலும், சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயில் எடுத்தாலும் முடிவு தவறிப் போகும். ஏன் தவறும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. தவறாமல் செய்யும் பழக்கம் வார்டில்தான் வரும். இரண்டும் சேர்ந்ததற்குத்தான் நர்சுக் கல்வி என்று பெயர்.

நம் நாட்டில் இந்தக் கல்வி சும்மா வந்துவிடவில்லை. சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-இல் நான்கே பெண்களை வைத்து ஆறு மாதப் பிரசவப் பயிற்சி தொடங்கினார்கள். வேலூரில் 1909-இல் நர்சுப் பள்ளி வந்தது. 1926-இல் சென்னை மாகாணத்தில் நர்சுகள், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெள்ளைக்கார சர்க்கார் போர் கமிட்டி என்று ஒன்றை நியமித்தது. சர் ஜோசப் போர் என்பவர் அதன் தலைவர். அந்தக் கமிட்டி 1946-இல் கொடுத்த அறிக்கையைப் படித்தால் இன்றும் வயிறு எரியும். 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்! ஒரு தாலுகா ஜனங்களில் பாதிப் பேருக்கு ஒரே ஒருத்தி. இருநூறு வருஷ ஆட்சியின் லட்சணம் இது. அதே 1946-இல்தான் டில்லியிலும் வேலூரிலும் நர்சுகளுக்கு முதன்முதலாகப் பட்டப் படிப்பு தொடங்கியது. மறு வருஷம் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. வைத்தியம் பார்க்கிற டாக்டருக்குப் பல்கலைக்கழகம், ராப்பகலாய்க் காவல் இருக்கிற நர்சுக்கு மட்டும் வெறும் எடுபிடிப் பயிற்சி என்ற பழைய ஏற்பாட்டில் அன்றைக்குத்தான் முதல் விரிசல் விழுந்தது.

"அந்தக் காலத்து நர்ஸ் பட்டமா வாங்கினாள்? அவள் கையால் பிழைக்கவில்லையா?" என்று கேட்கிறவர்கள் நம்மிலேயே உண்டு. பிழைத்தோம், உண்மைதான். டிப்ளமா படித்துவிட்டு முப்பது வருஷம் வார்டில் கழித்த நர்சின் அனுபவத்துக்கு முன் நேற்று வந்த பட்டதாரி கைகட்டி நிற்க வேண்டும் என்பதிலும் நமக்குச் சந்தேகமில்லை. டிப்ளமா நர்ஸ், பட்டதாரி நர்ஸ் என்று பிரித்து மோதவிட்டு இரண்டு பேர் சம்பளத்தையும் அமுக்கும் நிர்வாகத் தந்திரத்தை மில் தொழிலாளிக்கு நாம் விளக்கத் தேவையில்லை. பெர்மனென்ட், பதிலி என்று பிரித்ததை அவன் பார்த்தவன். ஆனால் படிப்பு உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் 9 நாடுகளில், 300 ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷன் செய்துகொண்ட நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2014-இல் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு ஆய்வு வந்தது. ஒரு நர்சின் தலையில் ஒரு நோயாளி அதிகமாகச் சுமத்தப்பட்டால், முப்பது நாளுக்குள் சாவு நேரும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுகிறது. பட்டதாரி நர்சுகளின் பங்கு 10 சதவிகிதம் உயர்ந்தால் அந்த வாய்ப்பு 7 சதவிகிதம் குறைகிறது. ஆகவே இரண்டும் வேண்டும். போதிய கைகளும் வேண்டும், அந்தக் கைகளுக்குப் போதிய படிப்பும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிப்பது நோயாளியின் தலையில் விடியும்.

இப்போது அந்த நான்கு வருஷப் படிப்புக்குள் போய்ப் பார்ப்போம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு ஆஸ்பத்திரி வேண்டும், நூறு கட்டில் வேண்டும், பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியை வேண்டும் என்பது கவுன்சிலின் விதி. 2021-இல் வகுத்த புதிய பாடத்திட்டத்தில் எட்டு செமஸ்டர். கடைசி செமஸ்டர் முழுவதும் வார்டில். 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். இந்த 48 என்ற எண் எங்கேயோ கேட்டதாக இருக்கிறதல்லவா? 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டம் ஆலைத் தொழிலாளிக்கு விதித்த உச்ச வரம்பு அதுதான். அதாவது, கடைசி ஆறு மாதம் மாணவி ஒரு முழுத் தொழிலாளியின் வேலை நேரத்தைச் செய்கிறாள். தொழிலுக்குத் தயாராக அது அவசியம் என்பதை நாம் மறுக்கவில்லை. வார்டில் நிற்காமல் எவளும் நர்ஸ் ஆக முடியாது. அந்த 48 மணி நேரத்தில் அவளுக்குச் சொல்லித் தருகிறார்களா, அவளிடம் வேலை வாங்குகிறார்களா என்பதுதான் கேள்வி.

இரண்டு விதமான மோசடி நடக்கிறது. முதல் வகையில் வார்டே இராது. கட்டிடம் இருக்கும், போர்டு இருக்கும், இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் கட்டிலில் ஆட்களைப் படுக்க வைப்பார்கள். மறுநாள் கட்டில் காலி. நோயாளியே இல்லாத ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த பெண், ஊசி போடும் கையை ரப்பர் பொம்மையில் மட்டுமே பழகிவிட்டு வெளியே வருகிறாள். இது நம் கற்பனையல்ல. மத்தியப் பிரதேசத்தில் இந்த விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போய், முந்நூறுக்கு மேற்பட்ட நர்சிங் கல்லூரிகளை சி.பி.ஐ. சோதிக்கும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. பல கல்லூரிகளுக்கு லாயக்கே இல்லை என்று தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால், 2024 மே மாதம், கல்லூரிகளுக்கு நல்ல ரிப்போர்ட் எழுதித் தர லஞ்சம் வாங்கியதாக, சோதிக்கப் போன சி.பி.ஐ. இன்ஸ்பெக்டரே கைதானார்! வேலிக்குக் காவல் போட்ட வேலியும் பயிரை மேய்ந்த கதை.

இரண்டாவது வகை அதைவிடச் சாமர்த்தியமானது. வார்டு நிறைய நோயாளி இருப்பார்கள். சம்பளம் வாங்கும் நர்சுதான் இருக்கமாட்டாள். நாற்பது கட்டிலுக்கு ஒரு ஸ்டாப் நர்ஸ், மீதி வேலையெல்லாம் மாணவிகள். காலையில் கிளாஸ், மாலையில் வார்டு, ஆள் குறைந்தால் ராத்திரி ஷிப்டு. முதல் வருஷம் கற்றுக்கொண்ட படுக்கை விரிப்பதையும் டெம்பரேச்சர் எடுப்பதையும் நான்காம் வருஷமும் செய்துகொண்டிருப்பாள். ஏனென்றால் ஆஸ்பத்திரிக்குத் தேவை அதுதான். அவள் கற்க வேண்டியது என்ன என்பது யாருக்கும் கவலையில்லை. பீஸ் கட்டி வேலை செய்கிற தொழிலாளியை முதலாளித்துவம் இங்கேதான் கண்டுபிடித்திருக்கிறது!

நூற்பாலைப் பக்கத்துத் தோழர்களுக்கு இந்தச் சரக்கு புதிதல்ல. கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று ஆசை காட்டி, ஏழைப் பெண்களை மூன்று வருஷம் ஹாஸ்டலில் பூட்டி வைத்து, அப்ரண்டிஸ் என்று பெயர் சூட்டி, முழு ஷிப்டு வேலை வாங்கிய சுமங்கலித் திட்டத்தை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். பயிற்சி என்ற சொல் கூலியைக் குறைக்கும் மந்திரம். ஆனால் ஒன்று. மில்லில்கூட முதல் நாளே ஒரு பெண்ணை ரிங் பிரேமில் தனியாகச் சைடு பார்க்க விடமாட்டார்கள். பழைய சைடர் பக்கத்தில் நின்று, அறுந்த இழையை ஒட்டப் பழகின பிறகுதான் விடுவார்கள். நூல் வீணாகும் என்ற பயம் முதலாளிக்கு உண்டு. வார்டில் அந்தப் பயம்கூட இல்லை.

இந்த நோய்க்கு மருந்தில்லாமல் இல்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகள் மலிவான ஆள் கிடைக்கும் என்றே நர்சுப் பள்ளிகளை நடத்தின. 1923-இல் வந்த கோல்டுமார்க் அறிக்கை அந்த ஏற்பாட்டை அம்பலப்படுத்தியது. பிரிட்டனில் நர்சு மாணவியின் 4,600 மணி நேரப் படிப்பில் பாதி வார்டில்தான். ஆனால் வார்டின் ஆள் கணக்கில் அவளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அவள் உபரி ஆள். அவள் வராவிட்டாலும் வார்டு நடக்க வேண்டும். அங்கேயும் விதி மீறப்படுகிறது என்ற முறையீடு உண்டு. இங்கிலாந்தில் மாணவிகளுக்குக் கொடுத்து வந்த உதவித் தொகையை 2017-இல் பிடுங்கியதும் உண்டு. அதற்காக விதியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மீறினால் சுட்டிக் காட்ட ஒரு விதியாவது அங்கே இருக்கிறது.

பாஷை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. தமிழிலேயே பிளஸ் டூ வரை படித்த பெண்ணுக்கு முதல் நாளே உடற்கூறு, உடலியல், உயிர் ரசாயனம் எல்லாம் இங்கிலீஷில் வந்து இறங்குகிறது. முதல் வருஷம் பாதி, புரியாமலேயே உருப்போடுவதில் போய்விடுகிறது. புரிந்தவள் கெட்டிக்காரி, புரியாதவள் மக்கு என்று அங்கேயே முத்திரை விழுகிறது. வார்டிலோ நோயாளி, "நெஞ்சு அடைக்குதும்மா" என்று தமிழில்தான் சொல்கிறான். பாடத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லி, கூடவே இங்கிலீஷ் சொற்களையும் பழக்கிக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆள் தயார் செய்வது ஒன்றே கல்லூரியின் நோக்கமாகிவிட்டால் இப்படித்தான் இருக்கும்.

படித்து முடித்த பிறகாவது விடிவு உண்டா? தனியார் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் கேட்பது அசல் சர்டிபிகேட். அதை வாங்கிப் பீரோவில் பூட்டிக்கொண்டு, இத்தனை வருஷம் இங்கேயே உழைக்க வேண்டும், இடையில் போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குவார்கள். பண்ணையில் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப் போட்டதற்கும் இதற்கும் என்ன பேதம்? 2011-இல் மும்பையில் ஒரு மலையாளப் பெண் இந்த நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு நர்சுகள் தெருவுக்கு வந்தார்கள். கேரளத்தில் தனியார் ஆஸ்பத்திரி நர்சுகள் சங்கம் சேர்ந்து வேலை நிறுத்தம் செய்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 2016-இல் சொன்னதன் பேரில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டி போட்டது. 200 கட்டிலுக்கு மேற்பட்ட தனியார் ஆஸ்பத்திரி, சர்க்கார் நர்சுக்குச் சமமான சம்பளம் தர வேண்டும். ஐம்பது கட்டிலுக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. இது கமிட்டியின் சிபாரிசு. கேரள நர்சுகள் 2017-இல் மறுபடியும் போராடி, 2018-இல் 20,000 ரூபாய்க் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உத்தரவே வாங்கினார்கள். கமிட்டிக் காகிதம் தானாக நடந்து வந்து சம்பளக் கவரில் ஏறவில்லை.

நம் மாநிலத்தில் சர்க்காரே எப்படி நடந்தது? 2015-இல் ஆயிரக்கணக்கான நர்சுகளைப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்து, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது பேச்சு. அந்த இரண்டு வருஷமும் ஓடிப் போய், 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்தார்கள். கொரோனா வந்தபோது நர்சுகளுக்குக் கை தட்டச் சொன்னார்கள், பூத் தூவினார்கள். அந்த நாளில் அவசரமாக எடுத்த நர்சுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளில் நர்சுக்கு வேலையா இல்லை? போதனா ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது கவுன்சிலின் அளவு. அடுத்த முறை ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ராத்திரி வார்டில் எத்தனை நர்சைப் பார்க்கிறீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். வேலை இருக்கிறது, ஆள் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து வைக்கும் மனம்தான் இல்லை.

அதனால்தான் பெண்கள் கப்பலேறுகிறார்கள், விமானம் ஏறுகிறார்கள். 2014-இல் ஈராக்கில் திக்ரித் நகரத்து ஆஸ்பத்திரியில் குண்டு வீச்சுக்கு நடுவில் சிக்கி மீண்ட 46 இந்திய நர்சுகளை நினைவிருக்கும். யுத்தம் நடக்கும் இடத்துக்கு ஏன் போனாய் என்று அவர்களைக் கேட்டவர்கள் உண்டு. படிப்புக்கு வாங்கிய கடனை யார் கட்டுவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

2023-இல் பார்லிமெண்டு பழைய கவுன்சில் சட்டத்தை எடுத்துவிட்டு, தேசிய நர்சிங் கமிஷன் சட்டத்தை நிறைவேற்றியது. அதே வருஷ பட்ஜெட்டில் 157 புதிய நர்சிங் கல்லூரிகள் என்ற அறிவிப்பும் வந்தது. கல்லூரி பெருகட்டும், அதிலும் சர்க்கார் கல்லூரி பெருகட்டும், நமக்குச் சந்தோஷமே. ஆனால் கமிஷனின் தலைவரை மத்திய சர்க்காரே நியமிக்கும் என்கிறபோது, வார்டில் நிற்கிற நர்சின் குரலும் படிக்கிற மாணவியின் குரலும் அந்த மேஜையில் எப்படிக் கேட்கும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. மாணவியை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரே வரியில் விதி போடட்டும். கடைசி செமஸ்டரில் 48 மணி நேரம் உழைக்கிறவளுக்குப் பேருக்கு இல்லாமல் வயிற்றுக்குக் காணும்படி உதவித் தொகை கொடுக்கட்டும். சொந்த ஆஸ்பத்திரி இல்லாத கல்லூரியை மூடி, அங்கே சிக்கிக்கொண்ட பெண்களைச் சர்க்கார் கல்லூரிகளில் சேர்த்துக்கொள்ளட்டும். 20,000 ரூபாய்ச் சிபாரிசைத் தமிழ்நாட்டில் சட்டபூர்வமான கூலியாக்கட்டும். தொழிற்சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் இந்தக் கோரிக்கைகளை நர்சுகளின் தனி விவகாரம் என்று ஒதுக்காமல் தங்கள் மகாநாட்டுத் தீர்மானங்களில் சேர்க்க வேண்டும்.

அதுவரைக்கும், ஏஜெண்டு வீட்டுக்கு வந்தால் உடனே பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கல்லூரிப் படிப்பை நம் மாநில நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு இல்லாதவளை நர்ஸ் என்று யாரும் ஏற்கமாட்டார்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரியின் ரசீது வாங்குங்கள். ஏஜெண்டின் துண்டுச் சீட்டு செல்லாது. அசல் சர்டிபிகேட்டைச் சரிபார்த்ததும் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஆஸ்பத்திரியைக் காட்டு என்று சொல்லி ஒரு நாள் கூலியை விட்டாவது பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். சொல்லாமல் போங்கள். வார்டுக்குள் கட்டில்களை எண்ணுங்கள், அதில் படுத்திருப்பவர்களையும் எண்ணுங்கள்.